போருக்கு முன் படைத்தலைவர்கள் உள்ளூர்த் தெய்வங்களை வணங்கியது பக்தியா, அரசியலா?

இரண்டும்தான். பிரித்துப் பார்ப்பது நம் காலத்துப் பழக்கம். அன்றைய படைத்தலைவனுக்கு இரண்டும் ஒரே காரியமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அலெக்சாண்டரைப் பாருங்கள். பைபிளில் தீரு என்று வரும் நகரத்துக்குக் கி.மு. 332-இல் வந்தார். ஊர்க்காரர்கள் பணிந்துபோகத் தயார். அவர் கேட்டது ஒன்றே: ‘உங்கள் ஊர்த் தெய்வம் மெல்கார்ட்டின் கோயிலில் நான் பலியிட வேண்டும்.’ மெல்கார்ட்டைக் கிரேக்கர்கள் தங்கள் புராண வீரன் ஹெராக்ளிஸாகவே கருதினார்கள். அலெக்சாண்டரின் வம்சமோ ஹெராக்ளிஸ் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்டது. ஆக, பக்தி பொய்யில்லை. ஆனால் அங்கே பலியிடுபவனே ஊருக்கு அதிபதி என்று தீருக்காரர்களுக்குத் தெரியாதா? நம்மூர் அம்மன் கொடையில் முதல் மரியாதைக்கு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மற்ற எல்லாவற்றுக்கும் சம்மதித்தவர்கள் இதற்கு மட்டும் மறுத்தார்கள். ஏழு மாத முற்றுகை, ஊர் அழிந்தது. அப்புறமும் அதே கோயிலில் பலியிட்டார். அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களை மன்னித்தும் விட்டார்.

நம் பக்கத்தில் சிலப்பதிகாரச் செங்குட்டுவன். வடக்கே புறப்படும்போது சிவன் சேவடியைத் தலையில் சூடுகிறான். ஆடகமாடம் என்ற கோயிலின் திருமால் பிரசாதத்தோடு சிலர் வருகிறார்கள். தலையில் ஏற்கெனவே சிவன் சேவடி. அதனால் இதைத் தோளில் ஏற்றுக்கொள்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பல தெய்வங்களைக் கும்பிடும் வீரர்கள் பின்னால் நிற்கும்போது எந்தச் சாமியையும் விட்டுவிட முடியாது.

இவை பழங்காலம். ஆனால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த வழக்கம் ரொம்பத் தூரத்து விஷயமில்லை. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை எதிர்க்கப் புறப்பட்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் முன் வாளை வைத்து வணங்கி எடுத்துச் சென்றதாக இங்கே இன்றும் சொல்வார்கள். மூன்று பக்கமும் பறளியாறு, கோதையாறு, தாமிரபரணி என்று ஆறுகள் சூழ்ந்த கோயில். உள்ளே மேற்கே பார்த்துச் சயனித்திருக்கும் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். அந்தச் சந்நிதியில் நின்றால், படை புறப்படும் முன் ஒரு ராஜா ஏன் இங்கே வந்தார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1750-இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபனுக்கு எழுதிவைத்து, தான் பத்மநாபதாசனாக ஆண்டார். அதன்பின் அவரை எதிர்த்து வாளெடுப்பது சாமியையே எதிர்ப்பதாக ஆகிவிட்டது.