மேலைத் தத்துவம்: எங்கிருந்து பிடிப்பது?

கேள்வி: நேராக காண்ட்டைப் படிக்கலாமா அண்ணா?

வேண்டாம், அந்த ஜெர்மன் தத்துவவாதியைப் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் விசாரணை உரையை எடுங்கள், ஒரே மாலையில் முடிந்துவிடும். கி.மு. 399, ஏதென்ஸ். கிழவருக்கு வயது 70. குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. முப்பது ஓட்டு மாறியிருந்தால் தப்பியிருப்பேன் என்று அவரே வியக்கிறார். சரி, உனக்கு என்ன தண்டனை தகும் என்றால், நகர மண்டபத்தில் ஆயுசுக்கும் இலவசச் சாப்பாடு போடுங்கள் என்கிறார்! அப்புறம் ஸ்காட்லாந்துக்காரர் ஹியூம், அதற்கும் அப்புறம் காண்ட். கேள்வி கேட்காமல் நம்பிக்கொண்டிருந்த தன் தூக்கத்தைக் கலைத்தவர் ஹியூம்தான் என்று காண்ட்டே எழுதியிருக்கிறார்.

கேள்வி: 'எல்லாம் தண்ணீர்' என்ற தேலீஸ் எப்படி முதல் தத்துவவாதி ஆனார்?

விடை தப்புதான். ஆனால் அவருடைய மிலேட்டஸ் என்ற கிரேக்க ஊரிலேயே, அடுத்து வந்த அனாக்ஸிமாண்டர் 'தண்ணீர் இல்லை, எல்லையற்ற ஏதோ ஒன்று' என்றார். அவருக்குப் பின் அனாக்ஸிமெனீஸ் 'காற்று' என்றார். பெரியவர் சொல்லிவிட்டார் என்று யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் தொடக்கம்.

கேள்வி: டெகார்ட் என்றாலே 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' மட்டும்தானா?

எனக்கு அதைவிட அந்தப் பிரெஞ்சுத் தத்துவவாதியின் மெழுகுத் துண்டு பிடிக்கும். தேன்கூட்டிலிருந்து அப்போதுதான் எடுத்தது. தேன் ருசி போகவில்லை, பூ வாசம் இருக்கிறது, தட்டினால் ஓசை வருகிறது. அதை நெருப்புப் பக்கம் கொண்டுபோகிறார். ருசி, மணம், உருவம், ஓசை எல்லாம் போய்விட்டன. ஆனாலும் 'அதே மெழுகு' என்கிறோம். எந்தப் புலன் அதைச் சொன்னது? புலன் இல்லை, அறிவுதான் என்பது அவர் முடிவு. 1641-இல் வெளியான நூலில் இருக்கிறது. ஆன்மா வேறு, உடம்பு வேறு என்பது அவர் கொள்கை. 1643-இல் பொஹீமியா இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் போட்டார்: உருவமே இல்லாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும்? டெகார்ட் பதில் மேல் பதில் எழுதினார். எனக்கென்னவோ ஒன்றும் தேறவில்லை.

கேள்வி: கிரேக்கர்களுக்கும் டெகார்ட்டுக்கும் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லையா?

யார் சொன்னது? அரிஸ்டாட்டிலின் பெரும்பகுதி மேற்கு ஐரோப்பாவின் கையைவிட்டுப் போயிருந்தபோது, அரபு மொழியில் அவரைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்த தத்துவவாதி இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய விளக்கவுரைகள் பிறகு லத்தீனுக்குப் போயின. கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இப்னு ருஷ்தைப் பல இடங்களில் பேர் சொல்லாமல் வெறுமனே 'உரையாசிரியர்' என்றே குறிப்பிடுவார். படிப்பவர்களுக்கு யாரென்று புரிந்தது.