இரண்டு முனுசாமிகளில் நம்முடையவர் யார்?

கேள்வி: எங்கள் ஊர் வாணியம்பாடிக்குப் பக்கம். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, கோவிந்தன் மகன், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர். டர்பனிலிருந்து ஒரு அம்மா தன் கொள்ளுத்தாத்தா அவர்தான் என்று வாட்ஸ்அப்பில் பேசுகிறார். சென்னை ஏஜென்ட் ஒருவர் கப்பல் பட்டியலில் இரண்டு முனுசாமிகளைக் காட்டினார். இருவருக்கும் தகப்பன் பெயர் கோவிந்தன். ஒருவர் 1891-ல் போனவர், வயது 20, வட ஆற்காடு ஜில்லா. மற்றவர் 1903, வயது 30, சேலம் ஜில்லா. நாம் வட ஆற்காடு, அதனால் முதல் ஆள்தான் என்கிறார் ஏஜென்ட். வம்சாவளிச் சான்றிதழுக்கு 30,000 ரூபாய் கேட்கிறார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். நம்பலாமா? டிஎன்ஏ பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் காட்டிய ஆள் தவறாக இருக்கலாம். அவர் சொன்ன காரணம் தவறுதான், அதில் சந்தேகமே இல்லை.

1911 வரை வாணியம்பாடி வட ஆற்காட்டில் கிடையாது. அது திருப்பத்தூர் தாலுகா. திருப்பத்தூர் தாலுகா அப்போது சேலம் ஜில்லா. 1911-ல் சித்தூரைத் தனி ஜில்லாவாகப் பிரித்தபோதுதான் திருப்பத்தூரைச் சேலத்திலிருந்தும், திருவண்ணாமலையைத் தென் ஆற்காட்டிலிருந்தும் எடுத்து வட ஆற்காட்டோடு சேர்த்தார்கள். அப்புறம் வந்தவைதான் வேலூர் மாவட்டமும் 2019-ன் திருப்பத்தூர் மாவட்டமும். ஆக, 1903-ல் மதராஸ் டிப்போவில், அதாவது கப்பலேறும்வரை கூலிகளைத் தங்கவைத்த முகாமில், உட்கார்ந்திருந்த குமாஸ்தா உங்கள் ஊர்க்காரரிடம் எந்த ஜில்லா என்று கேட்டிருந்தால், சேலம் என்பதுதான் சரியான பதில். உங்கள் ஏஜென்ட் கழித்துக்கட்டிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துப் பார்ப்பேன்.

ஆனால் அவசரப்பட்டு 1903-ன் பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். வாணியம்பாடிக்கு அருகிலேயே அப்போதும் வட ஆற்காட்டில் இருந்த ஊர்கள் உண்டு. உதயேந்திரம் அன்று குடியாத்தம் தாலுகா. உங்கள் ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே வழி இருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் 1911-க்கு முந்தைய கிரயப் பத்திரமோ அடமானப் பத்திரமோ கிடந்தால் முதல் நாலு வரியைப் படியுங்கள். இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று ஊரும் தகப்பன் பெயரும் சேர்ந்தே வரும். வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போட வேண்டும். போய்க் கேட்டால் "சர்வே நம்பர் இருக்கா?" என்பார்கள். சர்வே நம்பர் தெரிந்தவன் ஏன் ஊரைத் தேடிக்கொண்டு வருகிறான் என்று யாரும் யோசிப்பதில்லை. ஓர் அலுவலகத்தில் ஒரே ஒரு பத்திரத்துக்காக நான் ஏழு முறை படியேறியிருக்கிறேன்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். நீங்களும் ஏஜென்ட்டும் பெயரிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். பெயரை வைத்துத் தேடினால் வாழ்நாள் முழுக்க முனுசாமிகள் வந்துகொண்டே இருப்பார்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். அதில் பெரும்பகுதி மதராஸிலிருந்து போனவர்கள். முனுசாமி, ராமசாமி, வீராசாமி, கோவிந்தன் என்ற நாலைந்து பெயருக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தகப்பன் பெயர் பொருந்துவதும் பெரிய விஷயமில்லை. கோவிந்தன் மகன் முனுசாமி நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்திருப்பார்.

டர்பனில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு எண் கொடுத்தார்கள். காலனி எண் என்பார்கள். பெயரை எப்படி எழுதினாலும் அந்த எண் ஆளை விட்டுப் போகாது. அவர் அங்கே கல்யாணம் பண்ணினால் பதிவில் அந்த எண், பிள்ளை பிறந்தால் பிறப்புப் பதிவில் தகப்பனின் எண். எனவே தேட வேண்டியது இங்கிருந்து அங்கே அல்ல, அங்கிருந்து இங்கே. அந்த அம்மாவிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் பாட்டியோ தாத்தாவோ, முனுசாமியின் பிள்ளை யாரோ, அவருடைய பிறப்புப் பதிவிலோ கல்யாணப் பதிவிலோ தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது? அந்த எண் 1891 வரியில் இருக்கிறதா, 1903 வரியில் இருக்கிறதா என்று பார்த்தால் அவர்களுடைய முனுசாமி யார் என்பது தெரிந்துவிடும். இரண்டிலும் இல்லையென்றால் அவர் மூன்றாவது முனுசாமி.

அவர்களுடைய முனுசாமியும் உங்கள் முனுசாமியும் ஒருவரா என்பது வேறு கேள்வி. இதைக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்குத்தான் பத்திரமும் ஊர்ப்பெயரும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் உங்கள் இரண்டு வரிகளைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது இதுதான். எண் ஒன்றுக்கு ஆள் ஒருவர்தான். ஆனால் ஆள் ஒருவருக்கு எண் இரண்டு இருக்கலாம். ஒப்பந்தம் ஐந்து வருஷம். பத்து வருஷம் அங்கே இருந்துவிட்டால் ஊர் திரும்ப இலவசக் கப்பல் பயணம் உண்டு. அப்படித் திரும்பி வந்தவர்களில் சிலருக்கு ஊர் ஒட்டவில்லை. நிலம் தம்பி கையில், கையில் கொண்டு வந்த காசு கடனுக்குப் போயிருக்கும். மறுபடி மதராஸ், மறுபடி டிப்போ, மறுபடி கப்பல். இரண்டாம் முறை இறங்கியபோது புதிய எண். உங்கள் கணக்கைப் பாருங்கள்: 1891-ல் 20 வயது, பத்து வருஷம் முடிந்தால் 1901, அடுத்த வரி 1903-ல் 30 வயது. இரண்டு வருஷம் உதைக்கிறதே என்று நினைக்காதீர்கள். டிப்போவில் வயது என்பது குமாஸ்தா முகத்தைப் பார்த்துப் போட்டது. ஜில்லா மாறியதற்கும் காரணம் இருக்கலாம். ஒருமுறை பெண்டாட்டி ஊரைச் சொல்லியிருப்பார், மறுமுறை சொந்த ஊரை.

இருவரா ஒருவரா என்று பிரிக்க வழி இருக்கிறது. கப்பல் பட்டியலில் உயரமும் அங்க அடையாளமும் எழுதியிருப்பார்கள், இடது முழங்காலில் தழும்பு, வலது மார்பில் மச்சம் என்கிற மாதிரி. இரண்டு வரியிலும் ஒரே தழும்பு இருந்தால் கிட்டத்தட்ட முடிந்தது. தழும்பு ஒத்துவரவில்லை என்பதை மட்டும் வைத்து இருவர் என்று முடிவு கட்ட முடியாது, ஒரு குமாஸ்தா கவனிக்காமல் விட்டிருக்கலாம். அடுத்தது, முதல் எண்ணுக்கு உரியவர் என்ன ஆனார் என்று தேடுங்கள். அவர் 1895-ல் இறந்திருந்தால் 1903-ல் கப்பலேறியிருக்க முடியாது. 1903-ல் மதராஸில் ஒருவர் கப்பலேறும்போது முதல் எண்காரர் டர்பனுக்கு அருகே வெருலம் பக்கம் கரும்புத் தோட்டத்தில் கூலி வாங்கியிருந்தால், இருவர்தான். ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது: ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் காட்டுங்கள், போதும். நேட்டாலின் இந்தியக் குடியேற்றத் துறையின் பழைய கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் அட்டவணையை இணையத்தில் காசில்லாமல் தேடலாம்.

வீட்டிலும் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கதை "போனார், வரவே இல்லை" என்றா இருக்கிறது, இல்லை "ஒருமுறை வந்துவிட்டுப் போனாராம்" என்று எந்தப் பெரியம்மாவாவது சொல்வதுண்டா? டர்பன் வீட்டில் மூன்று பவுண்டு வரியைப் பற்றிப் பேச்சு உண்டா என்றும் விசாரியுங்கள். 1895 சட்டத்துக்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து, மறு ஒப்பந்தமும் போடாமல் ஊரும் திரும்பாமல் அங்கேயே தங்கினால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு கட்ட வேண்டும்; 1914-ல்தான் அதை எடுத்தார்கள். கொள்ளுத்தாத்தா அந்த வரி கட்டித் திண்டாடினார் என்று அவர்கள் வீட்டுக் கதை இருந்தால் 1891-ன் முனுசாமி பின்னுக்குப் போகிறார், 1903-ன் முனுசாமி முன்னுக்கு வருகிறார்.

கேட்கும்போது ஒன்று. நீங்களாக எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். "உங்கள் குலதெய்வம் கெங்கையம்மனா?" என்று கேட்டால், பாவம், உறவு கிடைக்க வேண்டும் என்று தவிக்கிற மனுஷி, ஆமாம் என்றுதான் சொல்வார். "உங்கள் வீட்டில் எந்தச் சாமிக்குப் பொங்கல் வைப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கெங்கையம்மன் என்றே அவர் சொன்னாலும் அதை வைத்து முடிவு கட்ட முடியாது, குடியாத்தத்திலிருந்து வேலூர் வரை அவள் ஊருக்கு ஊர் இருக்கிறாள். பங்காளிகள் மட்டும் கும்பிடுகிற சின்னச் சாமியின் பெயர் வந்தால்தான் நிமிர்ந்து உட்காரலாம். ஏஜென்ட் முன்பே அந்த அம்மாவிடம் பேசியிருந்தால் இந்தச் சோதனையும் போச்சு.

நம் பெயர் வைக்கும் வழக்கமும் சேர்ந்து குழப்பும். தாத்தா பெயரைத் தாங்குகிறவன்தானே பேரன்? அவர்கள் வீட்டு முனுசாமி கப்பலில் போனவரா, அங்கே பிறந்து தாத்தா பெயர் வைக்கப்பட்ட பேரனா என்று கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள்ளுங்கள். பட்டப்பெயரை வைத்து ஒருவரை ஏற்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அங்கே முதலி மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி ஒட்டிக்கொண்டதும் உண்டு. சாதிப் பத்தியைக் கடைசியில் பாருங்கள். டிப்போவில் ஆள் சொன்னதும் குமாஸ்தா எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் ஆட்கள் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பதும் எனக்குத் தெரியும். இறங்கிய துறைமுகம், ஏறிய துறைமுகம் இரண்டும் அடையாளமே அல்ல; மதராஸில் ஏறினார் என்றால் மதராஸ்காரர் என்று அர்த்தமில்லை.

டிஎன்ஏ இப்போது வேண்டாம். உறவு உண்டா என்று ஓரளவு சொல்லும், எந்த முனுசாமி வழி என்று சொல்லாது. அதோடு நாம் அத்தை மகனையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டவர்கள். தூரத்துச் சொந்தம்கூடப் பரிசோதனையில் கிட்டத்துச் சொந்தம் போலத் தெரியும்.

இனி அந்த 30,000 ரூபாய்ச் சான்றிதழ். அப்படி ஒரு அரசுச் சான்றிதழ் கிடையாது. தாசில்தார் கொடுப்பது வாரிசுச் சான்று, அது இறந்தவரின் நெருங்கிய குடும்பத்துக்கு. நூறு வருஷத்துக்கு முன் கடல் தாண்டியவரின் கொள்ளுப்பேத்திக்கு அதில் இடமில்லை. ஏஜென்ட் தருவது சொந்த லெட்டர்பேடில் வட்ட முத்திரை குத்திய காகிதமாக இருக்கும். தூதரகத்தில் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கப்பல் பட்டியலைக் காட்டுவதற்கும் இவர் தேவையில்லை. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் டர்பன் வெஸ்ட்வில் வளாகத்திலிருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அது பற்றி விசாரிக்கலாம், ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் நேட்டால் ஆவணங்கள் பலவற்றைக் கணக்குத் தொடங்கி இலவசமாகவே பார்க்கலாம். பதில் வர மாதக்கணக்காகும், வராமலும் போகும், மறுபடி எழுத வேண்டும். இந்தத் தாமதத்தில்தான் ஏஜென்ட்களின் பிழைப்பு நடக்கிறது.

கொடுத்த 5,000 திரும்பி வராது. அதற்குப் பதிலாக ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வரிகளும் இருக்கும் அசல் பக்கங்களின் படம், முழுப் பக்கம், தட்டச்சுப் பிரதி அல்ல. தட்டச்சில் கிராமப் பத்தியும் தாணா (போலீஸ் சரகம்) பத்தியும் இடம் மாறியிருக்கும், அங்க அடையாளம் விட்டுப்போயிருக்கும். முழுப் பக்கம் வந்தால் முனுசாமிக்கு மேலும் கீழும் உள்ள பத்துப் பெயர்களையும் படியுங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போனவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில் இருப்பார்கள். உங்கள் ஊர்ப்பெயர் எவ்வளவு சிதைந்திருந்தாலும் பக்கத்து வரிகளிலும் அதே மாதிரி சிதைந்திருந்தால் அடையாளம் தெரியும். அந்தப் பத்துப் பெயரில் உங்கள் தெருவில் யாருடைய தாத்தாவாவது இருக்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.