ஒரே நாளில் சார்த்ர், பூர்ஜ் இரண்டும் வேண்டாம்

பாரிஸில் கார் எடுத்து, தனியாக ஒரே நாளில் சார்த்ர், பூர்ஜ் ஆகிய இரண்டு பிரெஞ்சு நகரங்களின் பேராலயங்களையும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் செய்யாதீர்கள். பாரிஸ் நெரிசலில் வலப்பக்க ஓட்டத்தைப் பழகுவது கொடுமை. சார்த்ர் வரை ரயிலில் போய், அங்கே கார் எடுங்கள்.

அன்றிரவு அங்கேயே தங்குங்கள். சார்த்ர் பேராலயத்தின் மேற்குச் சுவரிலுள்ள மூன்று சன்னல்கள் 1194 தீ விபத்துக்குத் தப்பிய 12ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி. மாலை வெயில் பட்டதும் அந்தக் கண்ணாடியின் நீலம் அப்படியே உயிர்பெறும்! அவசரமாகப் பார்த்தால் மனசு ஆறாது.

மறுநாள் பூர்ஜ் போகும்போது கிராமச் சாலைகளில் ஒன்றை மறக்காதீர்கள்: பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சிறு சந்துதானே என்று நினைக்காமல், கட்டாயம் வேகத்தைக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சனியன்றே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள்.