ஒன்பதாவதோடு நின்றவர்கள்

வணக்கம் ஐயா,

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். 1975ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து, சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வகுப்புத் தோழிகள் எல்லாரும் ஐம்பது வருஷம் கழித்து அடுத்த மாதம் கூடுகிறோம். மலர் ஒன்று போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் ‘என் வாழ்க்கை’ என்று எழுதித் தரவேண்டுமாம்.

மூன்று நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த தேதி, கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கட்டிய வீடு, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது, ஓய்வு. அரைப் பக்கம்கூட வரவில்லை. தோழிகளில் ஒருத்தி டாக்டர், இன்னொருத்தி அமெரிக்காவில். எனக்குக் குறை ஒன்றும் இல்லை ஐயா, நிறைவாகத்தான் வாழ்ந்தேன். எழுதிப் பார்த்தால்தான் ‘இவ்வளவுதானா’ என்று ஆகிவிடுகிறது. போகாமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பி.கு.: எழுத உட்கார்ந்ததில் வேண்டாத ஞாபகமெல்லாம் வருகிறது. 1982 ஜூலையில் சத்துணவு ஆரம்பித்த வாரம், அதுவரை பள்ளிக்கூடம் பக்கமே வராத பிள்ளைகள் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தட்டோடு வந்து நின்றார்கள். பதிவேட்டில் பேர் எழுத இடம் போதவில்லை. அப்புறம், என் பக்கத்தில் உட்கார்ந்தவள். வகுப்பிலேயே அவள் கையெழுத்துதான் அழகு. ஒன்பதாவதில் வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். பீடி சுற்றப் போனாள். இப்போது பேரணாம்பட்டில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

ம., குடியாத்தம்

*

அன்புள்ள ம. அவர்களுக்கு,

கண்டிப்பாகப் போங்கள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் பேசவேண்டும். உங்கள் பி.கு.வைப் பற்றியும்.

நான் வேலூரில் படித்தவன், உங்களுக்கு ஒரு வருஷம் முன்னால், 1974ல். அப்போதெல்லாம் பதினொன்றாவதுதான் எஸ்.எஸ்.எல்.சி. பிளஸ் டூ வந்தது 1978ல். நம் கையில் கொடுத்தது ஒற்றைத் தாள் இல்லை, புத்தகம். மதிப்பெண்ணோடு அங்க அடையாளமும் அதில் எழுதியிருக்கும். என் புத்தகத்தில் ‘இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு’ என்று இருக்கிறது. வாத்தியார் என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து எழுதினார். அதற்கப்புறம் எத்தனையோ விண்ணப்பங்களில் நானே அந்த வரியை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஐம்பதாவது வருஷக் கூடலுக்கும் ஒரு பக்கம் கேட்டார்கள். உங்களைப் போலத்தான், நான் எழுதியதும் சர்வீஸ் ரிஜிஸ்டர் மாதிரி வந்தது. அந்தச் சமயத்தில் அழைப்புப் பட்டியலைப் பார்த்தேன். பதினொன்றாவது குரூப் போட்டோவை வைத்துத் தயாரித்திருந்தார்கள். என் பக்கத்து பெஞ்சுக்காரன் அதில் இல்லை. எப்படி இருப்பான்? அவனும் ஒன்பதாவதோடு நின்றவன். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குப் போய்விட்டான். ஆறாவதில் பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்த வகுப்பு அது. போட்டோவில் மூன்று வரிசைதான் நிற்கிறோம். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று இத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது பெரிய தப்பு.

விசாரித்துக்கொண்டே போனதில் நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி விற்கிறான் என்று தெரிந்தது. என் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். நான் போன காலையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் குவித்து வைத்து, சொத்தையைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். காம்பில் இருக்கிற முள் குத்தாமல் இரண்டு விரலால் எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து வைக்கிறான். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த காய் அது. நிமிர்ந்து பார்த்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, புருவத்தைப் பார்த்தான்.

“இன்னாடா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றான். சாக்கை விரித்து உட்கார வைத்தான். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அப்புறம் அவனே சொன்னான்: “அது நான் வுட்ட கல்லுடா.”

ஏழாவது படிக்கும்போது புளியங்காய்க்குக் கல் விட்டோம், ஆறேழு பேர். ஒரு கல் என் புருவத்தில் விழுந்தது. யார் விட்டது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அவன்தான் என்னைத் தோளில் தாங்கி வீட்டுக்குக் கூட்டிவந்தான். அம்மா காயத்தில் காபித்தூளை வைத்து அழுத்தினாளாம். பிறகு, “பாவம், புள்ள பயந்துபோயிருக்கு” என்று அவனை உட்காரவைத்து, எங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கேழ்வரகுக் களியில் ஒரு உருண்டையைக் கீரைக் குழம்போடு போட்டாளாம். “அந்தக் களி எறங்கவே இல்லடா. சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன், உங்கம்மா இன்னொரு உருண்ட வெச்சிட்டாங்க” என்றான். அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை ஒருவன் மார்க்கெட்டில் இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். விஷயம் தெரிந்து, அந்தக் கோபத்தில்தான் நான் அவனைத் தேடி வரவில்லை என்றும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மலருக்கு நான் எழுதிக் கொடுத்தது இதைத்தான். பதவி, ஊர், வருஷம் எதுவும் அதில் இல்லை. கூடலுக்கு அவனையும் கையோடு அழைத்துப் போனேன்.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். தேதிகளை வரிசையாகப் போட்டால் யார் வாழ்க்கையும் அரைப் பக்கம்தான். அந்த டாக்டர் தோழிக்கும் அப்படித்தான் வரும். நம்மூர்க்காரர்கள் வேலூரைப் பற்றிச் சொல்வது உங்களுக்குத் தெரியும்: கோட்டை உண்டு, ராஜா இல்லை, கோயில் உண்டு, சாமி இல்லை, ஆறு உண்டு, தண்ணி இல்லை, மலை உண்டு, மரம் இல்லை. சின்ன வயதில் நானும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். 1981ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமி வந்தாயிற்று. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தேன். இல்லை, இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனால் வந்தது கண்ணில் படுவதில்லை. நீங்களும் உங்கள் விஷயத்தில் அதைத்தான் செய்கிறீர்கள்.

உங்கள் பி.கு.வை எடுத்துக்கொள்ளுங்கள். காமராஜர் முதலமைச்சரானதும் 1954ல் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது உங்கள் குடியாத்தத்தில். அவர் போட்ட மதிய உணவு இழுத்து வைத்த தலைமுறை நாம். 1982ல் அடுத்த தலைமுறை தட்டோடு வந்து நின்றபோது, பதிவேட்டில் பேர் எழுதிய கை உங்களுடையது. அந்த வாரம் என்ன நடந்தது? எந்தப் பிள்ளை முதலில் வந்தது? இடுப்பில் இருந்த குழந்தைக்கும் சோறு போட்டீர்களா? சோறு தின்றதும் ஓடிப்போனவர்களை எப்படி உட்காரவைத்தீர்கள்? இதை எழுதுங்கள். ஒரு பக்கம் போதாது, இரண்டு கேளுங்கள். ‘வேண்டாத ஞாபகம்’ என்று எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. பெண்கள் பள்ளியில் இது எங்களைவிட அதிகம். வயசுக்கு வந்தாள், நின்றாள். பெஞ்சில் இடம் காலியாகும், மற்ற பிள்ளைகள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள், அவ்வளவுதான். பீடி ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்று எண்ணி வாங்கும் கைக்கு வந்துசேர்ந்த அந்தக் கையெழுத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் விழாக் குழுவிடம் பழைய பட்டியலை ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். ஆறாவதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பாதியில் நின்றவர்களுக்கும் அழைப்பு போகட்டும். வரக் கூச்சப்படுவார்கள். தபாலில் அனுப்பினால் வரமாட்டார்கள், நேரில் போய்த்தான் கூப்பிடவேண்டும்.

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்வாருங்கள். மலருக்கு உங்கள் பேரை அவரையே எழுதித் தரச் சொல்லி, அந்தக் கையெழுத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள்.