கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது நான்

வணக்கம் மேடம். வயது 27. சென்னையில் ஒரு நேர்காணல் பாட்காஸ்ட்டில் இரண்டு வருடமாக ரிசர்ச்சர். வரப்போகிறவர் முன்பு என்ன பேசியிருக்கிறார், எங்கே மாற்றிப் பேசியிருக்கிறார் என்று தேடி, போனிலும் பேசி, ஆங்கருக்கு நோட்ஸ் எழுதித் தருவேன்.

2024 டிசம்பரில், சுனாமி வந்து 20 வருடம் ஆனதையொட்டி நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு மீனவ அக்காவை அழைத்தோம். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் அக்காவின் மகளும் ஒருத்தி. ஆனால் அவர் பேச ஒப்புக்கொண்டது அதற்காக இல்லை. கடலை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடு ஒழுகுவதையும், கடற்கரைக்கும் வீட்டுக்கும் வலையைச் சுமந்தே உடம்பு தேய்வதையும் பற்றிப் பேசத்தான். நாலு ராத்திரி போனில் பேசினோம். மூன்றாம் ராத்திரி அவராகவே மகளைப் பற்றிச் சொன்னார், அன்றைக்கு மஞ்சள் கவுன் போட்டிருந்தாளாம். அப்புறம், "இத மட்டும் அங்க கேக்காதீங்கம்மா" என்றார். கேட்க மாட்டோம் அக்கா என்றேன். நோட்ஸில் சிவப்பு எழுத்தில், குழந்தையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று போட்டேன். கூடவே அந்தக் கவுனையும் எழுதினேன், ஏன் எழுதினேனோ.

நாற்பதாவது நிமிடத்தில் ஆங்கர் கேட்டுவிட்டார், மஞ்சள் கவுனோடு சேர்த்து. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் நின்ற நான் வாயே திறக்கவில்லை. அந்த அழுகைதான் ஷார்ட்ஸாக வெளியே வந்தது, வீட்டைப் பற்றிப் பேசியதில் பாதி எடிட்டில் போய்விட்டது.

அதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. போன வாரம் அம்மா, அப்பாவின் கடைசி நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இந்த இடம் நல்லா வரும்" என்று எனக்குள் ஓடியது. என்னை எனக்கே பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிடவா மேடம்?

*

அன்புள்ள தோழி,

வேலையை விடுவதா என்பது கொஞ்சம் இருக்கட்டும். முதலில் அம்மாவின் பேச்சில் 'நல்லா வரும்' என்று தோன்றியதே, அது ஈரமில்லாத மனசு அல்ல. இரண்டு வருடமாகப் பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டுக் குறித்த மூளை, வலிக்காமல் இருக்கக் கண்டுபிடித்த வழி. வேலை நிமித்தமாகக் கோரமான விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் ஒருவரைப் பாதிக்கும் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடே ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு நோய் என்று சொல்லவில்லை. தூக்கமின்மை நீடித்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் டெலி மனஸ் எண் 14416.

ஆனால் உங்களைத் தூங்கவிடாதது அது மட்டும் இல்லை என்றே நினைக்கிறேன். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை தந்த ஜோனதன் ஷே, பயத்தால் வரும் காயம் வேறு, அறம் மீறப்படும்போது வரும் காயம் வேறு என்று கண்டார். அதிகாரத்தில் இருப்பவர், எது சரியோ அதைக் காலில் போட்டு மிதிக்கும்போது கூட இருந்தவருக்கு வருவது அந்த இரண்டாவது, அறக் காயம் (moral injury). போரோடு ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை, உங்கள் வலிக்குச் சரியான பெயர் தெரியட்டும் என்றுதான்.

கேட்டது ஆங்கர், ஷார்ட்ஸ் போட முடிவெடுத்தவரும் நீங்கள் இல்லை. அவற்றை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கேட்காதே என்று எழுதியதில் தப்பே இல்லை, எழுதாமல் எப்படிச் சொல்வது? கவுனை எழுதியதும் அக்கா திரும்பிப் பார்த்தபோது பேசாமல் நின்றதும் உங்களுடையவை. இரண்டையும் மழுப்ப மாட்டேன், மழுப்பினால் நீங்களே என்னை நம்ப மாட்டீர்கள்.

இந்த வாரமே அந்த ஷார்ட்ஸை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வெட்டிய பகுதியை வெளியிடச் சொல்லியும் கேளுங்கள், அவர் அவ்வளவு தூரம் வந்தது அதற்காகத்தானே. மறுத்தால், இந்த வேலையில் இருப்பதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். இருப்பதாக முடிவெடுத்தால், எதைக் கேட்கக் கூடாது என்பதை இனி ரெக்கார்டிங்குக்கு முன்னால் விருந்தினரையும் ஆங்கரையும் எதிரெதிரே உட்காரவைத்து வாய்விட்டுப் படியுங்கள். காரணமோ விவரமோ நோட்ஸில் வேண்டாம்.

அக்காவுக்குப் போன் பண்ணுங்கள். "ஆங்கர் கேட்டுட்டார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "உங்ககிட்ட சொன்ன வாக்க நான் காப்பாத்தல அக்கா" என்று சொல்லுங்கள், மன்னிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், அது அவர் மேல் இன்னொரு சுமை. அவர் திட்டினால் கேளுங்கள். பேசாமல் வைத்துவிட்டாலும், எடுக்கச் சொன்ன ஷார்ட்ஸ் என்ன ஆனது என்று அவருக்குத் தகவல் அனுப்புங்கள்.