தாவல் ஒருமுறை போல மறுமுறை அமையவில்லை என்றால்

ஈரோட்டு நண்பருக்கு வணக்கமுங்க. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற பழைய கணினி விளையாட்டு மாதிரி ஒரு ஆட்டத்தைச் சங்ககிரிக் கோட்டைக்குள் வைத்துச் செய்கிறீர்கள். ஒரு தாவலில் ஆள் பள்ளத்தைத் தாண்டுகிறான், அடுத்ததில் அதே பள்ளத்தில் விழுந்துவிடுகிறான் என்று கேட்டிருந்தீர்கள்.

ஆளைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு எண்ணை நிரலில் எவ்வளவு திருகினாலும் இது சரியாகாதுங்க. 1989-இல் வந்த மூல ஆட்டத்தில் தாவலைத் தீர்மானித்தது அனிமேஷன்தான். அதை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதைப் பார்த்துச் சட்டம் சட்டமாக (ஃபிரேம் ஃபிரேமாக) வரைந்தார். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆள் இவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒரு திரைக்குக் குறுக்கே 10 கட்டம், மேலிருந்து கீழே 3 அடுக்கு. அதனால்தான் பள்ளத்தைப் பார்த்ததுமே தாண்டுமா தாண்டாதா என்று ஆடுகிறவருக்குத் தெரிந்துவிடும். புதிரே அதில்தானே இருக்கிறது!

ஆகவே தாவத் தொடங்கியதும் பொத்தானைக் கவனிக்காதீர்கள். முடியும்வரை அனிமேஷனே ஆளை நகர்த்தட்டும். அப்புறம் மூல ஆட்டத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு மெல்ல அடி வைக்கும் அந்த ஷிஃப்ட் நடை. விளிம்பு வரை போய் நின்றுகொள்ளும் அந்த ஒற்றை அடி இல்லாமல் அளந்து தாவ முடியாது. அதை முதலில் சேருங்க. கதவு மூடும் நேரத்தையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2012-இல் மெக்னர் அந்த ஆட்டத்தை ஆப்பிள் டூ என்ற பழைய கணினிக்கு எழுதிய மூலநிரலை இணையத்தில் போட்டார், படித்துப் பாருங்கள். பெயரை மட்டும் எடுக்காதீர்கள், அந்தப் பெயரில் ஆட்டம் வெளியிடும் உரிமை யூபிசாஃப்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. சங்ககிரியில் மலையேறும்போது வாசல் மேல் வாசலாக வருமே, வாசலுக்கு ஒரு நிலை (லெவல்) என்று ஆட்டத்தைப் பிரித்தாலே போதும்.