காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது ஏன்?

இதே கேள்வியைப் போன வைகாசியில் எங்கள் அப்பாரு என்னிடம் கேட்டார். கோபிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மஞ்சள் நடும்போது அவருக்குக் கால் பெருவிரலடியில் வேலமுள் ஏறி ஒடிந்துகொண்டது. மூன்றாம் நாள் தொடை இடுக்கில் புளியங்கொட்டை அளவுக்கு நெறி. "முள்ளு ஏறுனது காலுல, நெறி எதுக்கு கண்ணு இங்க கட்டுது?" கோவையில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் திசுக்களைச் சீவிச் சாயமேற்றுவதுதான் என் வேலை. அதனால் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

கீழ்பவானி வாய்க்காலில் கசிகிற தண்ணீர் பள்ளத்தில் சேர்ந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்த நுண்குழாய்களும் அப்படித்தான் கசிகின்றன. திரும்ப உறிஞ்சப்படாமல் மிஞ்சுவது நாளைக்குச் சுமார் 3 லிட்டர். அந்த நீர்தான் நிணநீர். அதை வாரிக்கொண்டு போய்க் கழுத்தடிச் சிரைகளில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். அந்த வழியில் தடுப்பணை மாதிரி உட்கார்ந்திருப்பவைதான் நிணநீர்க் கணுக்கள். அவை வீங்கினால்தான் நெறி என்கிறோம். பெருவிரல் பக்கத்து நிணநீர் நேராகத் தொடை இடுக்குக்குத்தான் வரும். கிருமி வந்தாலும் அதே வழிதான்.

கணு அவரை விதை வடிவில் இருக்கும். அதை மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் கனத்தில் சீவி, ஹீமாடாக்சிலின், ஈயோசின் என்ற சாயங்களை ஏற்றிப் பார்த்தால், ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஓர் உறை தெரியும். அதைத் துளைத்துக்கொண்டு பல குழாய்கள் உள்ளே வருகின்றன. உறைக்கு அடியிலேயே வெளிர் நிறத்தில் ஓர் ஒடுங்கிய சந்து. அங்கே இருக்கிற விழுங்கு செல்கள் கிருமிகளைப் பிடித்துத் தின்னும்.

அதற்குக் கீழே புறணி என்ற வெளிப்பகுதியில் இருக்கும் உருண்டைகளை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. நடுவில் வெளிறிய வட்டம், சுற்றிலும் கருநீல வளையம். போனில் படம் காட்டினேன். "நெலாவுக்குக் கோட்டை கட்டுனாப்பல இருக்குதே கண்ணு" என்றார் அப்பாரு. அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. அந்த நிலாதான் முளைமையம். 1880களில் ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்தர் ஃபிளெமிங் விவரித்தது. பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கே பெருகுகின்றன. பெருகும்போதே தங்கள் எதிர்ப்பொருள் (கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதம்) மரபணுவைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கின்றன. கிருமியின் துணுக்கை இறுகப் பற்றுகிற செல் பிழைக்கும், பற்றாதது செத்துப்போகும். செத்தவற்றை விழுங்கிய பெரிய செல்களுக்குள் கரும்பொடிகள் கிடக்கும். அந்தப் பொடிகள் கண்ணில் பட்டாலே உள்ளே தேர்வு மும்முரமாக நடக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

உருண்டைகளுக்கு இடையிலும் அடியிலும் டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள். ரத்தத்தில் இருந்து அவை நுழைகிற சிரைகளின் உட்சுவர் செல்கள் உயரமாக, தடித்து நிற்கும். அவற்றின் நடுவே நெருக்கிக்கொண்டு நுழைகிற லிம்போசைட்டை (பி, டி செல்களுக்குப் பொதுப்பெயர் அது) ஸ்லைடிலேயே பார்க்கலாம். இன்னும் உள்ளே அகணியில், பி செல்களில் இருந்து உருவான பிளாஸ்மா செல்கள் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. மண்ணீரலிலும் இதே உருண்டைகள் உண்டு, ஆனால் அது வடிகட்டுவது ரத்தத்தை.

தொற்று வந்தால் உள்ளே வரும் லிம்போசைட்டுகள் கூடும், வெளியேறுவது கொஞ்ச நேரம் அடைபடும், உள்ளே இருப்பவை பெருகும். உறை விண்ணென்று இழுபடும்; வலி அதனால்தான். எங்கள் ஆத்தா நெறி மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டிருந்தார். நான் கெஞ்சித்தான் அதைக் கழுவ வைத்தேன். வைத்தியம் பார்க்க வேண்டியது காலுக்கு. நெறியை அமுக்கவோ உருவிவிடவோ வேண்டாம்.

ஆனால் வலியே இல்லாமல் கல் மாதிரி இருந்தாலோ, காறை எலும்புக்கு மேலே வந்தாலோ, நாலு வாரமாகியும் வடியாவிட்டாலோ, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். காசநோயாக இருக்கலாம். நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். அதில் பெரும்பாலும் நான் மேலே சொன்ன அமைப்பே அழிந்து, எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி செல்கள் நிறைந்திருக்கும்.

அப்பாருவுக்கு முள்ளை எடுத்து, தடுப்பூசியும் போட்டார்கள். எட்டு நாளில் கால் ஆறியது. நெறி வடிய மேலும் இரண்டு வாரம் ஆனது. பெருகிய செல்கள் மடிந்து கலைந்துபோக அவ்வளவு நாள் வேண்டியிருந்தது.